களிமண்ணில் கரைந்த பேருடலி

1876ஆம் ஆண்டு கோடையின் இறுதியில் எட்வர்ட் டிரிங்கர் கோப் என்ற அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் மொன்டானாவின் ஜூடித் ஆற்றுப் பொட்டல்களில் கூடாரம் அடித்திருந்தார். லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் லகோட்டா, செயென் மக்கள் ஜெனரல் கஸ்டரின் படையை அடித்து வீழ்த்திச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்தப் பக்கம் போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். கோப் கேட்கிற ஆள் இல்லை. போர்க்களத்தைவிட அவரை அதிகம் வாட்டியது வேறொன்று. மண்ணுக்குள் முழுசாகத் தெரிகிற டைனோசர் எலும்பு, தோண்டித் தூக்கும்போது கையிலேயே பொடிந்து போயிற்று.

உதவிக்கு வந்திருந்த சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க்கும் அவரும் சமையல் மூட்டையைத் துழாவினார்கள். அரிசி இருந்தது. அதைக் குழையக் குழைய வேகவைத்துப் பசையாக்கி, துணியையும் சாக்குத் துண்டுகளையும் அதில் முக்கி எலும்பின்மேல் சுற்றிவிட்டார்கள். காய்ந்ததும் ஓடுபோல் இறுகிக்கொண்டது. வேட்டிக்குக் கஞ்சி போட்டுப் பழகியவர்களுக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது. ஆனால் டைனோசர் தோண்டுகிறவர்களின் தொழிலில் அது ஒரு திருப்பம். சில ஆண்டுகளில் அரிசியின் இடத்தைப் பாரிஸ் சாந்து பிடித்தது. கை கால் முறிந்தவருக்கு மருத்துவமனையில் போடும் அதே மாவுக்கட்டுதான். உயிருள்ள எலும்புக்குக் கண்டுபிடித்த வைத்தியம், செத்துப் பல கோடி ஆண்டான எலும்புக்கும் பொருந்திப் போயிற்று. இன்றும் உலகமெங்கும் களத்திலிருந்து அருங்காட்சியகத்துக்குப் போகும் டைனோசர் எலும்பு மாவுக்கட்டோடுதான் பயணம் செய்கிறது.

கல்லாகிப் போன எலும்பு ஏன் இப்படி உடைய வேண்டும்? கல் என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. எலும்பு கல்லாவது என்றால் கருங்கல்லாவது என்று பொருளில்லை. எலும்புக்குள் இருக்கும் நுண்ணிய துளைகளில் நிலத்தடி நீர் கொண்டுவந்த தாதுக்கள் படிந்து நிரம்புகின்றன. எவ்வளவு நிரம்பும், எந்தத் தாது நிரம்பும் என்பது அந்தந்த மண்ணின் தயவு. சில இடங்களில் சிலிக்கா முழுமையாக ஏறி, சுத்தியால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் எலும்பு கிடைக்கும். சில இடங்களில் பாதி நிரம்பி, பாதி வெற்றிடமாய், ஊறிய பிஸ்கட் போலக் கிடைக்கும். அதிலும் சுற்றியிருப்பது களிமண்ணாக இருந்துவிட்டால் வேறு வினையே வேண்டாம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் ஏரியை நாம் பார்த்திருக்கிறோம். சில வகைக் களிமண் நீரைக் குடித்து ஊதும், காய்ந்து சுருங்கும். ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு வெயிலுக்கும் அது எலும்பை ஒரு முறை பிடித்து இழுத்துவிட்டு ஒரு முறை நெரிக்கிறது. எலும்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு விரிசலுக்கு அதில் இடமுண்டு. சுண்டெலியின் பல் இந்த வதையிலிருந்து தப்பிவிடும். ஆளுயரத் தொடையெலும்பு தப்புவது கடினம்.

இந்த அத்தியாயம் அப்படித் தப்பாத ஓர் எலும்பைப் பற்றியது. கிடைத்த இடம் அரியலூருக்கு வடகிழக்கே, கல்லமேடு என்ற ஊரின் பக்கம். அப்போது அது திருச்சி மாவட்டம்.

அரியலூர் என்றதும் சிமென்ட் ஆலையும் வெண்புழுதி பறக்க ஓடும் லாரிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தச் சிமென்ட் முழுவதும் பழைய கடல். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இந்தியத் துணைக்கண்டம் இன்றைய இடத்துக்கு வெகு தெற்கே கிடந்தபோது, கிழக்கிலிருந்து கடல் உள்ளே புகுந்து இன்றைய பெரம்பலூர், அரியலூர் பகுதிகளை மூடியது. சிப்பிகளும் சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளும் அதன் அடியில் கோடிக்கணக்கில் செத்துக் குவிந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை அளந்து 1862இல் அறிக்கை எழுதினார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளாக அவர் பிரித்த முறையைத்தான் இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். உலகில் கிரெட்டேசியஸ் காலக் கடலுயிர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஊர்ப்பெயர்களை உச்சரிக்காமல் தாண்ட முடியாது.

அந்தக் கடல் ஒரே சீராக நிற்கவில்லை. ஏறியும் இறங்கியும் விளையாடியது. கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டத்தில், அதாவது டைனோசர்கள் அழிவதற்கு முந்தைய சில லட்சம் ஆண்டுகளிலிருந்து சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள், அது பின்வாங்கியபோது, விட்டுச்சென்ற தரையில் ஆறுகள் ஓடி மணலையும் வண்டலையும் பரப்பின. கல்லமேட்டுப் பாறை அந்த ஆறுகளின் வேலை. பாறை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். பல இடங்களில் அது இறுகிய களிமண்தான். கடல் பாறையில் கடல் பிராணி கிடைக்கும்; ஆற்றுப் பாறையில் தரைப் பிராணி கிடைக்கும். அதனால் டைனோசர் தேடுகிறவர்களுக்கு, சுற்றுவட்டாரத்தில் இருக்கும் அவ்வளவு பாறைகளிலும், மெல்லிய இந்தக் கடைசி அடுக்கின்மேல்தான் கண். 1920களில் சார்லஸ் மேட்லி என்ற ஆங்கிலேயர் இங்கே எலும்புகள் பொறுக்கி 1929இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் அதே களிமண்ணில் வேறொன்றைக் கண்டார்கள். இடுப்பெலும்பு ஒன்று. தொடையெலும்பின் ஒரு பகுதி. முன்கை எலும்பு. வாலின் முள்ளெலும்பு. இவற்றோடு முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு ஒன்று. அந்தக் கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்று குறித்தார்கள். நம்மில் உயரமானவரை அதன் பக்கத்தில் நிறுத்தினாலும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அதுவும் முழங்காலுக்குக் கீழ்ப்பாதி மட்டும்.

கண்டவர்கள் அதற்கு இட்ட பெயர் புருஹத்காயோசாரஸ் மேட்லியை. பிருஹத் என்றால் பெரிய, காயம் என்றால் உடல். பேருடலி என்று நாம் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் சொல் மேட்லிக்கு மரியாதை. கட்டுரை புவியியல் ஆய்வுத் துறையின் சிறப்பு வெளியீட்டில் வந்தது. தொகுப்பின் மேல் 1987 என்று இருக்கும். அச்சாகி வெளிவந்தது 1989இல்.

கட்டுரை வந்தபோது உலகம் கைதட்டவில்லை. காரணம் உண்டு. அவர்கள் அதை ஊனுண்ணி என்று எழுதியிருந்தார்கள். இரண்டு மீட்டர்க் கீழ்க்கால் உடைய ஓர் ஊனுண்ணி இருந்திருந்தால் டைரனோசாரஸ் அதன் முன் கோழிக்குஞ்சு. யாரும் நம்பவில்லை. எனக்கு இதில் புரியாத ஒன்று உண்டு. யாதகிரி சாதாரண ஆள் அல்ல. தெலங்கானாவில் கிடைத்த கோட்டாசாரஸ் என்ற நெடுங்கழுத்துத் தாவர உண்ணியை 1988இல் உலகுக்கு அறிமுகம் செய்தவர் அவரே. அதன் எலும்புக்கூடு ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிற்கிறது. தாவர உண்ணிகளின் எலும்பைத் தடவித் தடவிப் பழகிய கை, கல்லமேட்டில் ஏன் தடுமாறியது? எலும்பு எந்த நிலையில் கிடந்தது என்பதற்கு இதையே ஒரு சாட்சியாக நான் எடுத்துக்கொள்கிறேன். 1990களின் நடுவில் சங்கர் சாட்டர்ஜி என்ற தொல்லுயிரியலாளர், இது ஊனுண்ணி அல்ல, டைட்டனோசர் என்ற நெடுங்கழுத்துக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கருத்துச் சொன்னார். இன்று அதைப்பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறார்கள்.

யாதகிரி, அய்யாசாமி இருவரின்மேலும் வேறொரு வழக்கும் இருந்தது. 1979இல் இதே வட்டாரத்தின் கடல் பாறையிலிருந்து திராவிடோசாரஸ் என்று ஒரு விலங்கை அவர்கள் விவரித்திருந்தார்கள். முதுகில் தகடு வரிசை கொண்ட ஸ்டெகோசர் இனம், அதுவும் அந்த இனம் மற்ற இடங்களில் மறைந்து வெகுகாலம் ஆன பிறகு. சாட்டர்ஜியும் ருத்ராவும் 1996இல், அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அது டைனோசரே அல்ல, ப்ளீசியோசர் என்ற கடல் ஊர்வனவின் மிச்சம் என்றார்கள். அய்யாசாமி தரப்பு பின்னர் தன் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பெயர் ஒருமுறை சந்தேகத்துக்குள் போய்விட்டால் அடுத்த கண்டுபிடிப்பையும் அந்த நிழல் தொடரும்.

அடுத்து வந்தது இன்னும் கடுமையான கேள்வி. அது எலும்புதானா? கல்லான மரமாக இருக்கக் கூடாதா?

கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. கல்லமேட்டிலிருந்து வெகுதூரம் போகாமலே, பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் படுத்திருக்கிறது. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதை வெளிக்கொணர்ந்தார். கடலில் மிதந்து வந்து சேற்றில் புதைந்து கல்லான மரம். இப்படிப்பட்ட ஊரில் நீளமாய், உருளையாய், விரிசல் விட்டு ஏதாவது கிடைத்தால் முதலில் மரம் என்றுதான் சந்தேகிக்க வேண்டும். 2020இல் குன்னம் பக்கம் ஏரியில் உருண்டை உருண்டையாகக் கிடைத்தவற்றை டைனோசர் முட்டை என்று வாட்ஸப்பே கொண்டாடியது. வந்து பார்த்த புவியியலாளர்கள் அவை அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கு ஏமாற்றத் தெரியும்.

எலும்பையும் மரத்தையும் பிரித்தறிவது உண்மையில் சிரமம் இல்லை. சிறு துண்டை அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் போதும். மரத்தில் நீர்க்குழாய்களும் வளர்ச்சி வளையங்களும் தெரியும். எலும்பில் ரத்தக் குழாய் ஓடிய கால்வாயும், அதைச் சுற்றி வட்ட வட்டமாக எலும்பு அடுக்குகளும் தெரியும். கையில் நுண்ணோக்கி இல்லாத களத்தில் ஒரு பழைய உபாயம் உண்டு: நாக்கின் நுனியால் தொட்டுப் பார்ப்பது. எலும்பின் நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். கௌரவமான பேராசிரியர்கள் கல்லை நக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கும் மாணவனுக்குச் சிரிப்பு வரும். கொஞ்ச நாளில் அவனும் நக்குவான்.

ஒரே ஒரு துண்டு இருந்தால் போதும், வழக்கு முடிந்துவிடும். அந்த ஒரு துண்டுதான் இல்லை. கல்லமேட்டு எலும்புகள் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பைச் சென்று சேர்வதற்குள் சிதைந்துவிட்டன என்று அய்யாசாமி இணையாசிரியராக இருந்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்லிவிட்டது. ஈரம் ஊறிய களியில் பல கோடி ஆண்டு கிடந்த எலும்பு காற்றையும் வெயிலையும் கண்டதும் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியவை சில அளவுகள், அந்தப் பழைய கட்டுரையில் இருக்கும் சில கோட்டுப்படங்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அவற்றை வைத்து எந்த மூட்டு எந்தப் பக்கம் என்று சொல்வதே பாடு.

மரம் என்ற சந்தேகத்துக்கு அர்ஜென்டினாவில் ஓர் எதிர்க்கதை இருக்கிறது. 1987இல், அதாவது கல்லமேட்டுக் கட்டுரைத் தொகுப்பின் மேல் இருக்கும் அதே ஆண்டில், நெயுகென் மாகாணத்தில் ஒரு பண்ணைக்காரர் தன் நிலத்தில் கல்மரம் கிடப்பதாக எண்ணினார். வந்து பார்த்தவர்கள் அது மரமல்ல, கால் எலும்பு என்றார்கள். நீளம் 1.55 மீட்டர். 1993இல் அதற்கு அர்ஜென்டினோசாரஸ் என்று பெயர் வந்தது. அங்கே எலும்பை மரம் என்று நினைத்தார்கள், பிறகு எலும்பு என்று தெரிந்தது. இங்கே எலும்பு என்று சொன்னதை மரமோ என்று சந்தேகித்தார்கள். வேறுபாடு ஒன்றுதான். அர்ஜென்டினாவின் எலும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது; போய்த் தொட்டுப் பார்க்கலாம். தொட்டுப் பார்க்க முடிவதால் திருத்தவும் முடிகிறது. முதலில் கீழ்க்காலின் முன்னெலும்பு என்று எழுதப்பட்ட அது, உண்மையில் அதன் பக்கத்தில் இருக்கும் மெல்லிய துணையெலும்பு என்று பின்னால் வந்தவர்கள் மாற்றிச் சொன்னார்கள். பெயர் மாறினாலும் எலும்பு நகரவில்லை.

எலும்பு கைவசம் இல்லாதபோது எண்கள் என்ன ஆட்டம் ஆடும் என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பென்சிலும் தாளும் போதும்.

ஒரு விலங்கை எல்லாத் திசையிலும் இருமடங்கு பெரிதாக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பெருகுவதால் இரண்டை மூன்று முறை பெருக்க வேண்டும். இதே விதியைக் கல்லமேட்டுக்குப் போடுவோம். 2 மீட்டரை 1.55 ஆல் வகுத்தால் 1.29. அதை மூன்று முறை பெருக்கினால் 2.15. அர்ஜென்டினோசாரஸ் 75 டன் என்று வைத்துக்கொண்டால் (65இலிருந்து 80 வரை பலர் பலவாறு சொல்கிறார்கள்) நம் பேருடலி 161 டன். நீலத் திமிங்கலத்தின் எடை. கடல் நீர் தாங்காமல், நான்கு காலில், தரையில்.

இப்போது அந்த எலும்பு களிமண்ணில் விரிசல் விட்டு, துண்டுகளுக்கு நடுவே மண் புகுந்து, இருந்ததைவிடப் பத்துச் சதவிகிதம் நீண்டு தெரிந்தது என்று வைப்போம். உண்மை நீளம் ஏறக்குறைய 1.8 மீட்டர். 1.8ஐ 1.55 ஆல் வகுத்து மூன்று முறை பெருக்கினால் 1.57. எடை 117 டன். இருபது சென்டிமீட்டர் வேறுபாடு, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய பத்து யானைகளைக் காற்றில் கரைத்துவிட்டது. அளவுநாடா பிடித்த கை கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் இதே கதை. இந்தக் கணக்கில் நாம் ஒப்பிட்ட அர்ஜென்டினா எலும்பே முன்னெலும்பா துணையெலும்பா என்பதில் இழுபறி இருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் எத்தனை யானை போகும், எத்தனை வரும் என்று யோசித்துக்கொள்ளலாம். 2023இல் கிரெகரி பாலும் அசியர் லாரமெண்டியும் முறையாகச் செய்த மதிப்பீடு 110இலிருந்து 170 டன் வரை போனது. அதற்குள் 110 முதல் 130 வரை இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். செய்தித்தாள்கள் எந்த எண்ணைத் தலைப்பில் போட்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தொலைந்த எலும்பு என்று வரும்போது மறுபடியும் கோப்பிடம்தான் போக வேண்டும். மொன்டானாவில் அரிசிக் கஞ்சி காய்ச்சிய அடுத்த ஆண்டு, கொலராடோவின் கார்டன் பார்க் என்ற இடத்தில் ஓரமெல் லூக்கஸ் என்ற பள்ளி ஆசிரியர் அவருக்காக எலும்புகள் தோண்டத் தொடங்கினார். அப்படி வந்து சேர்ந்த ஒரு முள்ளெலும்பைக் கண்டு கோப்புக்கே தலை சுற்றியது. உடைந்து மிஞ்சிய பகுதியே ஒன்றரை மீட்டர் உயரம். நெடுங்கழுத்து விலங்குகளின் முள்ளெலும்பு தேன்கூடு மாதிரி. எடை குறைய வேண்டும் என்பதற்காக உள்ளே காற்றறைகளும் வெளியே மெல்லிய தகடுகளுமாக இருக்கும். கால் எலும்பு தூண் என்றால் முள்ளெலும்பு பின்னல் கூடை. கோப் 1878இல் ஒரே ஒரு படத்தோடு அதைப் பதிப்பித்து, அம்ஃபிசீலியஸ் ஃப்ராகிலிமஸ் என்று பெயர் வைத்தார். ஃப்ராகிலிமஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு மிக மிக எளிதில் உடையக்கூடியது என்று பொருள். பெயரே ஜாதகமாகிவிட்டது. கோப்பின் சேகரிப்பு நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போன பின், 1921இல் ஆஸ்பார்னும் மூக்கும் பட்டியல் போட்டபோது அந்த எலும்பு இல்லை. மண்கல்லில் கிடந்த அது எங்கோ பெட்டிக்குள் பொடியாகியிருக்க வேண்டும் என்பதே பலரின் ஊகம். கஞ்சி வித்தையைக் கண்டுபிடிக்கத் துணைநின்ற மனிதரின் மிகப் பெரிய எலும்புக்கு அந்தக் கஞ்சி கிடைக்கவில்லை.

அதன்பின் அந்த எலும்பு இல்லாத விலங்கு வளர்ந்தும் தேய்ந்தும் ஒரு வாழ்க்கை வாழ்ந்தது. 2006இல் கென்னத் கார்ப்பென்டர் அது 58 மீட்டர் நீளம் என்று கணக்கிட்டார். சில ஆண்டுகள் கழித்து வேறு இருவர், கோப்பின் கட்டுரையில் அளவே அச்சுப்பிழையாக இருக்கலாம் என்றார்கள். 2018இல் அதே கார்ப்பென்டர், இது வேறு குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு, அந்தக் குடும்பத்தின் உடல்வாகு வேறு என்று சொல்லி நீளத்தை 30 மீட்டரை ஒட்டிக் கொண்டுவந்தார். ஓர் எலும்பைக்கூடப் பார்க்காமல் பாதி விலங்கு காணாமல்போயிற்று. அவரை நான் கேலி செய்யவில்லை. தன் கணக்கைத் தானே அறுத்துப்போடும் நெஞ்சுரம் எல்லோருக்கும் வராது. புதிய பெயராக அவர் வைத்தது மராபுனிசாரஸ். மராபுனி என்பது அந்த நிலத்தின் யூட் பழங்குடியினர் மொழியில் மிகப் பெரியது. அங்கேயும் இங்கேயும், தொலைந்த இரண்டு எலும்புகளுக்கும் தத்தம் மொழியில் ஒரே பெயர்.

போரில் அழிந்த எலும்பும் உண்டு. எகிப்தின் பஹரியா பாலைச்சோலையிலிருந்து வந்து, 1915இல் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் விவரித்த ஸ்பைனோசாரஸ், 1944 ஏப்ரலில் மியூனிக் மீது விழுந்த பிரிட்டிஷ் குண்டுகளில் எரிந்தது. அறுபது ஆண்டுக்காலம் ஸ்ட்ரோமரின் வரைபடங்கள்தான் அந்த விலங்கு. பின்னர் அவருடைய குடும்பம் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த தாள்களிலிருந்து எலும்புகளின் புகைப்படங்கள் கிடைத்தன. 2006இல் அவை வெளியாயின. வரைபடம் பொய் சொல்லவில்லை என்பது அந்தப் புகைப்படங்களால் உறுதிப்பட்டது.

கல்லமேட்டுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 2022இல் 'ஜியாலஜி டுடே' இதழில், காவிரியின் தொலைந்துபோன டைட்டன் என்று பொருள்படும் தலைப்பில், அய்யாசாமியும் சக ஆய்வாளர் ஒருவரும் தோண்டிய நாட்களில் களத்தில் எடுக்கப்பட்ட, அதுவரை வெளிவராத புகைப்படங்களை வெளியிட்டார்கள். முதல் கட்டுரைக்கும் இதற்கும் இடையே முப்பது ஆண்டுக்கு மேல். கோட்டுப்படத்தில் மரக்கட்டை போல் தெரிந்தது, புகைப்படத்தில் எலும்பாகத் தெரிகிறது என்று பலர் ஒப்புக்கொண்டார்கள். மரக் கட்சிக்கு அதன்பின் குரல் குறைந்தது. எடைக் கட்சிக்குக் குரல் கூடியது. மேலே சொன்ன 2023 மதிப்பீடு அதன் பிறகு வந்ததுதான். என்னைக் கேட்டால், அது டைட்டனோசர் என்பதையும் மிகப் பெரியது என்பதையும் நம்புகிறேன். உலகிலேயே பெரியது என்று பாடப்புத்தகத்தில் அச்சடிப்பதை நம்பவில்லை. புகைப்படத்தை அறுத்து நுண்ணோக்கியில் வைக்க முடியாது. அளவுநாடாவைப் புகைப்படத்தின் மேல் வைத்தால் காகிதத்தைத்தான் அளக்கலாம்.

பெரிய எலும்பைக் காப்பாற்ற என்ன வேண்டும் என்பதை அர்ஜென்டினாவில் படகோடைட்டன் என்ற டைனோசரைத் தோண்டியவர்கள் காட்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புகள், அவற்றில் 2.38 மீட்டர் நீளத் தொடையெலும்பும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மாவுக்கட்டு. கட்டோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான கிலோ எடை. வண்டி வந்து போகப் பொட்டலில் பாதை போட வேண்டியிருந்தது. பருவம் பருவமாகத் திரும்பிப் போய்த் தோண்டினார்கள். பணமும் ஆளும் பசையும் பாதையும் ஒரே நேரத்தில் கூடிவருவது தொல்லுயிரியலில் அபூர்வம். கல்லமேட்டில் அவை கூடவில்லை என்பதற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. அந்தக் களியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கே அது தெரியும்.

இருந்தாலும் தொலைந்தது என்று எழுதிவைத்த எல்லாமே தொலைந்ததில்லை. 1828இல் ஜபல்பூரில் வில்லியம் ஸ்லீமன், தக்கர்களை ஒடுக்கியதாக நம் பள்ளிப் புத்தகங்களில் வரும் அதே ஸ்லீமன், சில எலும்புகளைப் பொறுக்கினார். ஆசியாவிலேயே முதலில் கிடைத்த டைனோசர் எலும்புகள் அவை. டைனோசர் என்ற சொல் பிறக்க இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. 1877இல் ரிச்சர்ட் லிடெக்கர் ஜபல்பூரின் வால் முள்ளெலும்புக்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் சூட்டினார். கல்லமேட்டுப் பேருடலி எந்தக் குடும்பம் என்று சொல்கிறோமோ, அந்தக் குடும்பத்துக்கே பெயர் கொடுத்த எலும்பு. அதுவும் காணாமல்போனது. பல தலைமுறை ஆய்வாளர்கள் அது இல்லை என்றே எழுதினார்கள். 2012இல் தனஞ்சய் மொஹபேயும் சுபாசிஸ் சென்னும் கொல்கத்தாவில், புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பிலேயே, அதைக் கண்டெடுத்தார்கள். வீட்டுச் சாவியைத் தேடி ஊரெல்லாம் அலைந்து கடைசியில் மடியிலிருந்து எடுப்பதுபோல.

கல்லமேட்டில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. பெட்டிக்குள் போகாத எலும்பு பெட்டியிலிருந்து வெளிவராது. ஆனால் அந்தக் களி வற்றிவிடவில்லை. 2001இல் அங்கிருந்து ஓர் ஆமை கிடைத்தது. கூர்மத்தின் பெயரைச் சேர்த்து கூர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று வைத்தார்கள். அதன் நெருங்கிய சொந்தங்கள் மடகாஸ்கரில் கிடைக்கின்றன. ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு நம்மிடமிருந்து பிரிந்துபோன தீவு அது என்பதால் அந்தச் சொந்தம் பொருந்துகிறது. 2013இல் அஞ்சலி கோஸ்வாமியும் ஜி.வி.ஆர். பிரசாதும் சகாக்களும் அதே களியில் கிடைத்த ஒரு பல்லை விவரித்தார்கள். சில மில்லிமீட்டர் அளவுதான். சுண்டுவிரல் நுனியில் வைத்து ஊதினால் பறந்துவிடும். வடக்குக் கண்டங்களில் மட்டும் இருந்ததாக எண்ணிய ட்ரூடான்டிட் என்ற சிறு இரைகொல்லி இனத்தின் பல் என்று அவர்கள் சொன்னார்கள். அந்த இனம் இந்தியாவுக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இனம்தானா என்று கேட்கவும் இடமுண்டு. கேட்கிறவர் அந்தப் பல் இருக்கும் பெட்டியைத் திறந்து, விளிம்பிலிருக்கும் ரம்பப் பற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.